மக்கள் எழுதிய சட்டம் – 17: மந்தையில் எழுதிய தீர்மானம்

சென்ற வாரம் கீழூரில் நிறுத்தியிருந்தோம். 1954 அக்டோபர் 18 அன்று பிரெஞ்சிந்தியாவின் தலைவிதியைத் தீர்மானிக்க அந்தச் சிற்றூரில் கூடியவர்கள் 178 பேர். இந்தியாவோடு இணைவதற்கு 170 பேர் ஒப்புக்கொண்டார்கள், 8 பேர் மறுத்தார்கள். அத்தனை பேரும் ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள். வயலில் நின்றவரிடமும் ஆலையில் தறி ஓட்டியவரிடமும் யாரும் வாக்குச்சீட்டை நீட்டவில்லை. நல்ல முடிவுதான், ஆனால் மக்களுக்காக மற்றவர்கள் எடுத்த முடிவு. மக்களே நேரில் உட்கார்ந்து முடிவெடுக்கச் சட்டம் ஓர் இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு விடை தேடி இந்த வாரம் மதுரைக்கு வருகிறோம்.

நான் இதை எழுதுவது கப்பலூரிலிருந்து. மதுரைக்குத் தெற்கே, திருமங்கலத்துக்குச் சற்று முன்னால், சிட்கோ தொழிற்பேட்டையும் டோல்கேட்டுமாக நாற்கரச் சாலையை ஒட்டிக் கிடக்கும் ஊர். நகரைக் கிழக்காகச் சுற்றிப் போகும் ரிங்ரோடு இங்கே தொடங்கி, உத்தங்குடியில் மேலூர் சாலையோடு சேர்கிறது. இன்னொரு பக்கம் திருமங்கலம் போய் மேற்கே திரும்பினால் உசிலம்பட்டிச் சாலை. மக்களின் நேரடி அதிகாரம் என்ற பேச்சுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் மிகக் கசப்பான பாடம் ஒரு சாலையின் முடிவில் இருக்கிறது, மிகப் பெருமையான பாடம் மற்றதன் முடிவில் இருக்கிறது. பெருமையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் உண்டு, கசப்பை மட்டும் காட்டிக் கதவைச் சாத்துகிறவர்களும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் இந்த விஷயத்தில் ஒரு அடியும் நகர முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் சட்டத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். சட்டம் செய்யும் அதிகாரத்தில் வாக்காளருக்கே நேரடிப் பங்கு கொடுத்த நாடுகளில் சுவிட்சர்லாந்து மூத்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பொதுவாக்கெடுப்புக்கு இழுக்கும் உரிமை அங்கே 1874 முதல் இருக்கிறது. இன்றைய கணக்கில், 100 நாளுக்குள் 50,000 பேர் கையெழுத்திட்டால் போதும். அரசமைப்பையே திருத்தச் சொல்லும் உரிமை 1891இல் வந்தது. அதற்கு 18 மாதத்தில் 1,00,000 கையெழுத்து வேண்டும். அமெரிக்காவில் 1898இல் தெற்கு டகோட்டா, 1902இல் ஓரிகன், 1911இல் கலிபோர்னியா என்று மாநிலங்கள் இதே வழியில் போயின. கலிபோர்னியாவில் இதைக் கொண்டுவந்த ஆளுநர் ஹைரம் ஜான்சனுக்கு ஒரே ஒரு குறி இருந்தது. சதர்ன் பசிபிக் ரயில் கம்பெனி சட்டமன்றத்தைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தது, அந்தப் பிடியை உடைக்க வேண்டும் என்பதுதான் அது. சட்டமன்றம் விலைபோனால் வாக்காளர் தாமே சட்டம் எழுதிக்கொள்ளட்டும் என்று அவர் நினைத்தார்.

இந்தியாவில் இந்த எண்ணம் வாசல் வரை வந்து திரும்பிய கதை ஒன்று உண்டு. நெருக்கடி நிலை முடிந்து ஜனதா ஆட்சி வந்தபோது, 1978இல் சட்ட அமைச்சர் சாந்தி பூஷண் கொண்டுவந்த 45ஆவது திருத்த மசோதாவில், அரசமைப்பின் அடிப்படையான கூறுகளில் கைவைக்க வேண்டுமானால் மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்றொரு பிரிவு இருந்தது. மக்களவை ஏற்றது. காங்கிரஸுக்குப் பெரும்பான்மை இருந்த மாநிலங்களவை அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. மீதி மசோதா 44ஆவது திருத்தமாகச் சட்டமானது. அதற்குப் பிறகு எந்த அரசும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நமக்கு மிஞ்சியது கிராம சபை. அதுவும் எளிதில் வந்ததல்ல. 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு வரைவை அவையில் வைத்துப் பேசிய அம்பேத்கர், கிராமத்தை ஆட்சியின் அடிப்படை அலகாகக் கொள்ளாததற்காக மகிழ்வதாகவே சொன்னார். கிராமம் என்றால் குறுகிய மனமும் சாதியும் என்பது அவர் வாழ்ந்து அறிந்த உண்மை. அந்த மாதம் 22ஆம் தேதி, தமிழ்நாட்டிலிருந்து சென்ற உறுப்பினர் கே. சந்தானம் கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அதுதான் இன்றைய 40ஆவது உறுப்பு. நாற்பத்தைந்து ஆண்டுகள் அது வெறும் வழிகாட்டு நெறியாகக் கிடந்து, 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தில்தான் உயிர் பெற்றது. மறு ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் யாரையும் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டியதில்லை. பாராளுமன்றத்திலோ சட்டமன்றத்திலோ ஒரு சாதாரண வாக்காளர் வாய் திறக்க முடியாது, கிராம சபையில் முடியும். 2022இல் நகரங்களுக்குப் பகுதி சபைகள் வரும் வரை தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட சட்டபூர்வமான அவை அது ஒன்றுதான்.

சபை கூடும் நாட்கள் நாம் அறிந்தவை: குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள். 2022இல் மார்ச் 22 உலக தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சி நாளும் சேர்ந்தன. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். 3,000 பேர் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. பள்ளிக்கூடத் திண்ணையிலோ மந்தையிலோ ஷாமியானா போட்டு, வரவு செலவைப் படித்து, நூறு நாள் வேலைப் பணிகளைச் சொல்லி, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்று ஆளாளுக்குப் பேசி, ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்குவார். பல ஊர்களில் இது சடங்காகவே நடக்கிறது. அந்தப் புத்தகம்தான் 2024இல் மேலூர்ப் பக்கம் ஒரு சுரங்கத்துக்கு எதிராக நின்றது. அதற்கு முன் உசிலம்பட்டிச் சாலையில் போய் வர வேண்டும்.

1996இல் புதிய சட்டத்தின்கீழ் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது, சில ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. உசிலம்பட்டிப் பகுதியின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய நான்கும் அவற்றில் அடக்கம். பெரும்பான்மைச் சாதியார் ஊர்க்கூட்டம் போட்டார்கள். தலித் ஒருவர் தலைவராக உட்காரக் கூடாது என்று முடிவானது. அந்த முடிவைக் காப்பாற்ற ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். யாரும் வேட்புமனு போட விடாமல் பார்த்துக்கொண்டார்கள். தப்பித்தவறி மனு வந்தால், ஊருக்குக் கட்டுப்பட்ட ஒருவரை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதி வாங்கினார்கள். தேர்தல் ஆணையம் மறுபடி அறிவிக்கும், ஊர் மறுபடி முடக்கும். பத்து ஆண்டுகள் இப்படியே போயின. அந்த ஊர்களுக்குத் தலைவர் இல்லை.

இதே காலத்தில் மேலூர் வட்டத்து மேலவளவில் நடந்தது இன்னும் கொடியது. ஒதுக்கப்பட்ட அந்த ஊராட்சியில் தலித்துகள் துணிந்து மனு போட்டார்கள். குடிசைகள் எரிந்தன, வாக்குப்பதிவு குலைந்தது, மறுதேர்தல் நடந்தது, முருகேசன் தலைவரானார். அவரை ஊராட்சி அலுவலகத்தில் நிம்மதியாக உட்கார விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பும்போது பஸ்ஸை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சட்டப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவரை, அவர் தலைவரானதற்காகவே கொன்ற குற்றம் அது. உள்ளாட்சி பற்றிப் பேசும் எவரும் அந்தப் பெயரைத் தாண்டிப் போகக் கூடாது.

உசிலம்பட்டி ஊர்களில் நடந்ததும் ஒருவகையில் மக்களே எடுத்த நேரடி முடிவுதானே என்று ஒருவர் கேட்கலாம். ஊர் கூடியது, பேசியது, ஒருமனதாக முடிவெடுத்தது, சட்டமன்றம் எழுதிய சட்டத்தைத் தன் எல்லைக்குள் செல்லாமல் செய்தது. தோற்றத்தில் சுவிஸ் வாக்கெடுப்புக்கும் அதற்கும் ஒற்றுமை தெரியும். கேள்வியைத் தள்ளிவிட முடியாது, பதில் சொல்லியாக வேண்டும். முடிவு யாரைப் பற்றியதோ அவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடமே இல்லை. இடம் இருந்திருந்தாலும், நாளை யாருடைய வயலில் கூலிக்குப் போக வேண்டுமோ அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கை தூக்குவது வாக்களிப்பு ஆகாது. மறைவுக்குள் போய்ச் சீட்டில் முத்திரை குத்தும் அந்த அரை நிமிடத் தனிமை எவ்வளவு பெரிய உரிமை என்பது மந்தையில் நின்று வாயடைத்துப் போனவருக்குத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மனிதர் பதவியில் உட்காரலாமா என்ற கேள்வியை அவர் பிறப்பை வைத்து வாக்குக்கு விடும் உரிமை எந்தப் பெரும்பான்மைக்கும் கிடையாது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோய் என்று எண்ண வேண்டாம். கலிபோர்னியாவில் கருப்பினத்தவருக்கு வீடு விற்க மறுப்பதைத் தடைசெய்து 1963இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. மறு ஆண்டே, ஹைரம் ஜான்சன் கொடுத்த அதே கருவியைக் கையில் எடுத்து, வீட்டுக்காரர் யாருக்கு வேண்டுமானாலும் விற்க மறுக்கலாம் என்று 14ஆம் எண் முன்மொழிவை வாக்குக்கு விட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவான வாக்காளர்கள் அதை ஆதரித்தார்கள். 1967இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டபோது மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் கூடாது என்றார்கள். 1971 வரை அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். நேரடி மக்களாட்சியின் பிறந்த வீட்டிலேயே இந்த நிலை என்றால், அம்பேத்கரின் எச்சரிக்கையை எவ்வளவு கவனமாகக் கேட்க வேண்டும் என்று பாருங்கள்.

பாப்பாபட்டியின் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. 2006இல் கலெக்டராக இருந்த த. உதயச்சந்திரன் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்த ஆண்டு அக்டோபரில் நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது, தலித் தலைவர்கள் பொறுப்பேற்றார்கள், இம்முறை ராஜினாமா இல்லை. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிராம சபையில் கலந்துகொள்ளத் தேர்ந்தெடுத்த ஊர் பாப்பாபட்டி. பத்தாண்டுகள் வாக்குப்பெட்டியைத் திருப்பி அனுப்பிய ஊரில் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே பந்தலின் கீழ் உட்கார்ந்தார்கள். நிர்வாகம் பொறுமையோடு நின்றால், சட்டமும் பின்வாங்காமல் இருந்தால், ஊர் மாறும் என்பதற்கு அந்த ஊர்கள் சாட்சி.

இனி ரிங்ரோட்டில் ஏறி மேலூர்ப் பக்கம் போவோம்.

அரிட்டாபட்டியை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். ஏழு குன்றுகள், சுனைகள், கண்மாய்கள். கழிஞ்சமலையில் சமணர் படுக்கையும் இரண்டாயிரம் ஆண்டு பழமையான தமிழி எழுத்தும், வட்டெழுத்தோடு கூடிய தீர்த்தங்கரர் சிற்பமும், பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கின்றன. லகடு வல்லூறு போன்ற அரிய வேட்டைப் பறவைகள் அந்தப் பாறைகளில் கூடு கட்டுகின்றன. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களின் சுமார் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாடு அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்தில் அதுவே முதல் தலம்.

இரண்டு ஆண்டுகள்கூட முடியவில்லை. 2023இல் மத்திய அரசு கனிமச் சட்டத்தைத் திருத்தி, முக்கியக் கனிமங்கள் என்று வகுத்த 24 கனிமங்களின் ஏல உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. டங்ஸ்டன் அவற்றில் ஒன்று. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் அரிட்டாபட்டி உட்பட சுமார் 20 சதுர கிலோமீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 5,000 ஏக்கர், ஏலம் போனது. வேதாந்தா குழுமத்தின் இந்துஸ்தான் ஜிங்க் ஏலத்தை எடுத்ததாக 2024 நவம்பர் 7 அன்று அறிவிப்பு வந்தது. அந்தப் பரப்புக்குள் குடியிருப்பவர்களில் யாரையும் அதற்கு முன்னால் கேட்கவில்லை. தங்கள் ஊர் ஏலம் போன சேதியையே அவர்கள் நாளிதழ் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள்.

மேலூர்க்காரர்கள் ஏன் அவ்வளவு வேகமாக எழுந்தார்கள் என்று வெளியூர் நண்பர்கள் கேட்பதுண்டு. கிரானைட்டில் விடை இருக்கிறது. அந்த வட்டாரத்துக் குன்றுகளும் கண்மாய்களும் கிரானைட் குவாரிகளில் எப்படிக் காணாமல் போயின என்று அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். 2012இல் மதுரை கலெக்டராக இருந்த உ. சகாயம் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றது. அந்த அறிக்கை ஊர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. பெரியாறு கால்வாயின் தண்ணீரில் நெல் விளையும் மண்ணில் சுரங்கம் வந்தால் எது மிஞ்சும், எது மிஞ்சாது என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

உள்ளாட்சி நாள் கிராம சபை அந்த ஆண்டு நவம்பர் 1இலிருந்து 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தது. ஏல அறிவிப்பு வந்து சரியாகப் பதினாறு நாள் கழித்து. வழக்கமான அஜெண்டாவைப் புரட்டி முடிப்பதற்குள் டங்ஸ்டன் பேச்சு எழுந்தது. அரிட்டாபட்டியிலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானங்கள் நிறைவேறின. பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பேசினார்கள். சடங்காக நடந்துவந்த ஒரு கூட்டம், தன் நிலத்தைப் பற்றித் தானே முடிவு சொல்லும் அவையாக மாறிய நாள் அது.

பிறகு நடந்தது வேகமான அரசியல். ஏலத்தை ஏன் ஆரம்பத்திலேயே தடுக்கவில்லை என்று மத்திய அரசும் மாநில அரசும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் ஏலத்தை ரத்து செய்யக் கோரி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. டிசம்பர் 24 அன்று மத்தியச் சுரங்க அமைச்சகம், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கி எல்லையை மறு ஆய்வு செய்யும்படி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் சொன்னது. 20 சதுர கிலோமீட்டரில் இரண்டை விட்டுக்கொடுத்துப் பதினெட்டை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. ஊர்கள் மசியவில்லை. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளம் தபால் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். விவசாயிகள், வியாபாரிகள், கைக்குழந்தையோடு தாய்மார்கள், வயதானவர்கள் என்று நான்குவழிச் சாலை நிறைந்தது. வழக்குகள் பதிவாகி, பின்னர் திரும்பப் பெறப்பட்டன. ஜனவரி 22 அன்று ஊர்ப் பிரதிநிதிகள் டெல்லியில் அமைச்சர் கிஷன் ரெட்டியைச் சந்தித்தார்கள். மறுநாள் ஏலம் முழுமையாக ரத்து என்று அறிவிப்பு வந்தது. 26ஆம் தேதி முதலமைச்சர் அரிட்டாபட்டிக்கே வந்தார்.

இந்த வெற்றியில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. அதனாலேயே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏலத்தை ரத்து செய்யச் சொல்லி மத்திய அரசைக் கட்டாயப்படுத்தும் வலு அந்தக் கிராம சபைத் தீர்மானங்களுக்குச் சட்டத்தில் இல்லை. மந்தையில் எழுதிய முடிவை டெல்லியின் காதில் ஏற்றியது, மதுரை வரை நடந்த கால்கள். அத்தனை பேரைத் திரட்ட முடியாத ஊர், பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத ஊர், கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு ஆதரிக்காத ஊர் இதே தீர்மானத்தை இதே சொற்களில் எழுதியிருந்தால் அது கோப்பில் தூங்கியிருக்கும். அப்படித் தூங்கும் தீர்மானங்கள் தமிழ்நாடெங்கும் இருக்கின்றன. மதுக்கடை வேண்டாம், குவாரி வேண்டாம், ஊராட்சியை மாநகராட்சியோடு சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டவை.

இந்தியாவிலேயே தீர்மானத்துக்குச் சட்ட வலு இருந்த ஓர் இடத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் வித்தியாசம் விளங்கும். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்ட வந்ததும் இதே வேதாந்தா குழுமம்தான். டோங்ரியா கோந்து பழங்குடியினர் அந்த மலையைத் தங்கள் கடவுளாக வணங்குகிறார்கள். 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைச் சுட்டி, முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. மாவட்ட நீதிபதி தகுதியில் ஒருவர் கூட்டங்களைக் கண்காணிக்க வேண்டும் என்றும் சொன்னது. மாநில அரசு 12 கிராம சபைகளைத் தேர்ந்தெடுத்தது. ஜூலை 18 அன்று செர்காபாடியில் தொடங்கி ஒரு மாதத்தில் பன்னிரண்டும் முடிந்தன. பன்னிரண்டும் மறுத்தன. 2014 ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை நிராகரித்தது. சின்னஞ்சிறு மலைக் கிராமங்கள் நகரம் வரை நடக்க வேண்டியிருக்கவில்லை. தங்கள் ஊரில், தங்கள் மொழியில், நீதிபதியின் முன்னால் சொன்னார்கள், அது செல்லுபடியானது.

அரிட்டாபட்டிக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை. ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லாததால், பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்குத் தனி அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே பொருந்தாது. சமவெளி விவசாயிக்கு வன உரிமைச் சட்டமும் பெரிதாகக் கைகொடுக்காது. ஏலப் பரப்புக்குள் சிக்கிய அ. வல்லாளபட்டியின் நிலைமை இன்னும் விநோதம். அது பேரூராட்சி. பேரூராட்சிக்குக் கிராம சபை கிடையாது. ஒரே குன்றின் இந்தப் பக்கத்தில் வாழ்பவருக்கு எழுந்து பேச ஒரு சபை உண்டு, அந்தப் பக்கத்தில் வாழ்பவருக்கு இல்லை. நகரங்களுக்கென்று 2022இல் பகுதி சபைகள் வந்தன. வேர் பிடிக்க இன்னும் நாளாகும்.

எங்கள் ஊர் டோல்கேட் கதையும் இதே வகையில் சேரும். நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் சுங்கச்சாவடி இருக்க வேண்டும் என்கிறது 2008ஆம் ஆண்டுக் கட்டண விதிகளின் பொதுவான நெறி. கப்பலூர் சாவடியோ திருமங்கலத்தின் வாசலில் நிற்கிறது என்பது போராடுகிறவர்களின் வாதம். பத்தாண்டுகளுக்கு மேலாக மறியல், உண்ணாவிரதம், பேச்சுவார்த்தை என்று அது இழுத்துக்கொண்டே போகிறது. உள்ளூர் வண்டிகளுக்கும் கட்டணம் கேட்டதால் 2024 ஜூலையில் திருமங்கலத்துக் கடைகள் அடைபட்டன. 2025 ஜூலையில் சுங்கப் பாக்கி 276 கோடி ரூபாய்க்காகக் கப்பலூர் உட்பட நான்கு சாவடிகளில் அரசுப் பேருந்துகளை விடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, பிறகு அது நிறுத்தி வைக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் தினமும் அந்தச் சாவடியைக் கடந்து வேலைக்கும் சந்தைக்கும் போகிறவரிடம் முறையாக ஒரு கேள்வி கேட்டு, எண்ணி, பதிலைப் பதிவு செய்ய எந்தச் சட்டமும் வழி வைக்கவில்லை. தேசிய நெடுஞ்சாலையை ஓர் ஊர் மட்டும் தீர்மானிக்க முடியாது என்பது நியாயம். ஊரின் பதிலைக் கேட்கக்கூட வேண்டாம் என்பது நியாயமில்லை.

என் கோரிக்கையைத் திறந்தே வைக்கிறேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தைத் திருத்த வேண்டும். சுரங்கம், குவாரி, மதுக்கடை, நிலத்தடி நீரை உறிஞ்சும் ஆலை போன்றவை வரும்போது, வாக்காளரில் ஒரு குறிப்பிட்ட பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால், அந்த ஊராட்சியில் வாக்கெடுப்பு நடத்தும் கடமை மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு இருக்க வேண்டும். கை தூக்கி அல்ல, சாவடிக்குள் மறைவாகச் சீட்டுப் போட்டு. மேலவளவையும் கீரிப்பட்டியையும் பார்த்த மாவட்டத்துக்காரனாக அந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாநில அரசின் அதிகாரத்துக்குள் இருப்பவற்றில் முடிவு கட்டுப்படுத்த வேண்டும். மத்திய அரசின் விஷயமென்றால், மாநில அரசு அந்த முடிவைத் தன் நிலைப்பாடாக எடுத்துப் போக வேண்டும். ஒருவர் எங்கே குடியிருக்கலாம், எந்தப் பொதுக் குழாயில் தண்ணீர் பிடிக்கலாம், எந்தப் பதவியில் உட்காரலாம், யாரை மணக்கலாம் என்பவை எந்தக் காலத்திலும் அந்தச் சீட்டில் ஏறக் கூடாது. அரசமைப்பின் அடிப்படை உரிமைகள் வாக்குக்கு வெளியே நிற்க வேண்டும்.

இதில் பயப்படுகிறவர்கள் உண்டு. ஊர்ச் சனங்களுக்கு டங்ஸ்டனின் அருமை தெரியுமா, நாட்டின் தேவை தெரியுமா என்பார்கள். கேட்கலாம். ஆனால் ஏலத்துக்கு முன்னால் சுரங்கத்தின் ஆழமும் தண்ணீரின் கணக்கும் இழப்பீடும் ஊரின் முன்னால் தமிழில் வைக்கப்பட்டிருந்தால், அதைப் படித்துவிட்டு ஊர் மறுத்திருந்தால், அந்தக் கேள்விக்கு எடை இருந்திருக்கும். எதையும் சொல்லாமல் ஏலம் விட்டுவிட்டு ஊரின் அறியாமையைக் குறை சொல்வது எந்த வகையில் சேர்த்தி?

டங்ஸ்டன் போராட்டத்தின்போது நிலைமை இதற்கு நேர் எதிர்த் திசையில் இருந்தது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. டங்ஸ்டன் ஊர்வலத்துக்கு இரண்டே நாள் முன்னால். அதன் பிறகு ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்துக்கொண்டார்கள். அரிட்டாபட்டி ரத்து அறிவிப்பைக் கொண்டாடிய அந்த வாரத்துக் குடியரசு நாள் கிராம சபைகள், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமலே கூடின.

தீர்மானத்துக்கும் வாக்குச்சீட்டுக்கும் இடையில் பாலம் போட்ட ஒரு மாநிலம் நம் நாட்டிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஊர்ப் பெண்களில் நாலில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டுக் கேட்டால் மதுக்கடைமேல் ரகசிய வாக்கெடுப்பு நடக்கும். சீட்டில் இரண்டு படங்கள் இருக்கும்: ஒன்றில் பாட்டில் நிற்கும், மற்றதில் படுத்திருக்கும். படுத்த பாட்டிலுக்குப் போதிய வாக்கு விழுந்தால் கடையை மூடியாக வேண்டும். அந்தச் சட்டத்தை அங்கிருந்த பெண்கள் எப்படிப் பெற்றார்கள், எங்கே வென்றார்கள், எங்கே தோற்றார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)